கடன் கொடுத்தவர்களும் இறங்கி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடனில் சிக்கிய நாடுகளைப் பற்றிய உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். வரவுக்கு மீறிச் செலவு செய்தால் வீடானாலும் நாடானாலும் ஒரே கதிதான் என்ற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஜப்பான் அரசின் கடன், நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அது தன் சொந்த நாணயமான யென்னில் வாங்கிய கடன். பெரும்பகுதி சொந்த நாட்டாரிடமே வாங்கியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை கையை விரித்தபோது, உற்பத்தியோடு ஒப்பிட்டால் அதன் கடன் ஜப்பானைவிட வெகு குறைவு. தர வேண்டியதோ டாலர். அதை அச்சடிக்க முடியாதே! 2019 இறுதியில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக வெட்டியது அரசின் தவறு, மறுக்கவில்லை. 2024 ஜனவரியில் அதே வரி 18 சதவீதமானது. வெட்டியவர்கள் யாரோ, கட்டுகிறவர்கள் அன்றாடம் கடைக்குப் போகும் சனங்கள்.

என்னை அதிகம் வருத்துவது ஆப்பிரிக்க நாடான ஜாம்பியா. 2020 நவம்பரில் அந்நாடு வட்டி கட்ட முடியாமல் நின்றது. சில மாதங்களிலேயே, பெரிய பொருளாதாரங்களின் கூட்டமைப்பான ஜி-20 வகுத்த வழிமுறைப்படி கடனை மாற்றியமைக்கக் கேட்டது. கடன் கொடுத்த அரசுகள் ஒத்துக்கொள்ள 2023 ஜூன் ஆனது. அந்நாட்டு அரசின் கடன் பத்திரங்களில் பணம் போட்டவர்களோடு பேசி முடிக்க 2024. யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற இழுபறிதான் காரணம். 2014இல் அந்தப் பத்திரங்களில் ஒன்றை 8.5 சதவீத வட்டிக்கு வாங்கினார்கள். பணம் திரும்பாமல் போகலாம் என்று தெரிந்துதானே அவ்வளவு வட்டி? அப்புறம் நஷ்டம் வரும்போது மட்டும் பங்கு வேண்டாம் என்றால் எப்படி?

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1953இல் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் மேற்கு ஜெர்மனியின் பழைய கடனில் ஏறக்குறைய பாதியைத் தள்ளுபடி செய்தார்கள். மீதியை அந்நாடு ஏற்றுமதி செய்து ஈட்டும் உபரியிலிருந்து கட்டினால் போதும் என்றார்கள். அதனால் கடன் கொடுத்தவர்களுக்கே ஜெர்மன் பொருள்களை வாங்கும் அக்கறை வந்தது. அன்று விட்டுக்கொடுத்தவர்களில் கிரேக்கமும் ஒன்று. அதே கிரேக்கத்துக்கு 2010க்குப் பிறகு வாயையும் வயிற்றையும் கட்டச் சொல்லித்தான் கடன் தந்தார்கள். 2013இல் அங்கே வேலைக்கு வரக்கூடியவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு வேலை இல்லை. செலவுக் குறைப்பு வளர்ச்சியை எவ்வளவு பாதிக்கும் என்பதைக் குறைத்துக் கணித்துவிட்டதாகப் பன்னாட்டு நிதியத்தின் பொருளாதார அறிஞர்களே அந்த ஆண்டு எழுதினார்கள்.

கடன் மறுசீரமைப்புப் பேச்சுக்குக் காலக்கெடு வேண்டும். பேச்சு முடியும்வரை தவணையையும் வட்டியையும் நிறுத்தி வைக்க வேண்டும். அரசுகள், வங்கிகள், பத்திரக்காரர்கள் எல்லோரும் ஒரே அளவில் இறங்கி வர வேண்டும். வரி வசூலைச் சீர்செய்வது கடன் வாங்கிய நாட்டின் பொறுப்பு, சரி. ஆனால் உங்கள் தலையங்கம் அந்த ஒரு பக்கத்தோடு நின்றுவிட்டது. மறுபக்கத்தையும் விரைவில் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்