பிரேக் லீவரை விரலுக்கு எட்டவைத்த அண்ணனுக்கு நன்றி

மணிக்கட்டு முறிவுக்குப் போட்ட மாவுக்கட்டைப் பிரித்து, டாக்டர் “இனி ஓட்டலாம்” என்று சொன்ன பிறகும் பிடி முழுசாக வந்துவிடாது, பிரேக்கும் எட்டாது. வண்டியை அந்தக் கைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுத்த சைக்கிள் கடை அண்ணனுக்கு நன்றி. பெயர் போட வேண்டாம் என்றார். செய்த வேலையையாவது எழுதிவைக்கிறேன்.

லீவரில் ஒரு குட்டித் திருகு இருக்கும். ஆலன் கீயால் (அறுகோண முனையுள்ள சாவி) அதை உள்ளே திருகினால் லீவர் ஹேண்டில்பார் பக்கம் நகரும். பலர் இதோடு விட்டுவிடுவார்கள். அப்புறம் லீவர் பாரில் முட்டும், பிரேக் பிடிக்காது. அண்ணன் கேபிள் தளர்வை எடுத்து, பிரேக் கட்டையைச் சக்கரத்தின் ரிம்முக்கு நெருக்கினார். துருப்பிடித்த கேபிளையும் மாற்றினார். உராய்வு குறைந்தால் பலமில்லாத விரலே போதும்.

ஆனால் நிஜமான வில்லன் சீட். அதன் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கும். அங்கே ஓடும் நரம்பு அழுந்துவதால்தான் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. சீட்டை மட்டமாக்கி, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்கு அடியில் ஸ்பேசர் என்ற வளையத்தைச் சேர்த்து ஹேண்டில்பாரை உயர்த்தினார். குலுக்கல் குறைய டயரில் காற்றையும் கொஞ்சம் இறக்கினார், டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாமல்.

அடிபட்டது வலது கை என்பதால் முன் பிரேக்கை இடது லீவருக்கு மாற்றிவிட்டு, “ரோட்டுக்குப் போறதுக்கு முன்னாடி காலி மைதானத்துல பழகுங்க” என்றார். இத்தனைக்கும் கேபிளுக்கு மட்டும்தான் காசு வாங்கினார். ரொம்ப நன்றி அண்ணே!