காராங்கூனிக்குப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் என் அம்மாவைப் பதினைந்து வயதுப் பெண்ணாகப் பார்த்தேன். அம்மா காலமாகி ஆறு வருடமாகிறது.

பேத்தியின் பள்ளி ஒப்படைப்புக்காகத்தான் போனேன். 1950களின் தமிழ் முரசு நாளிதழ் மைக்ரோஃபிலிம் சுருளில் இருக்கிறது. உருட்ட உருட்டப் பக்கங்கள் ஓடின. மாணவர்கள் எழுதும் மாணவர் மணிமன்றப் பகுதியில் கண் நின்றுவிட்டது. மழையைப் பற்றி எட்டே வரி. கீழே அம்மாவின் பெயர், அவர் படித்த பள்ளியின் பெயர். படத்தில் ஒரு கீறல் விழுந்து, கடைசி வரியில் பாதி அழிந்திருந்தது. மளிகைக் கணக்கைத் தவிர அம்மா எதையும் எழுதி நான் பார்த்ததே இல்லை.

அப்புறம்தான் நெஞ்சு அடைத்தது. அவருடைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைக் காலி செய்தபோது, பரண்மேல் சணல் கயிறு கட்டிய இரண்டு காகிதக் கட்டுகள் இருந்தன. பிரித்துக்கூடப் பார்க்காமல், பழைய சாமான் வாங்கும் காராங்கூனிக்காரரிடம் கொடுத்தவள் நான்தான்.

சி.கு. மகுதூம் சாயபு 1887இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ இதழ் தப்பிப் பிழைத்ததால்தான், அதில் மறுவருடம் வந்த ‘விநோத சம்பாஷணை’ என்ற கதையை இன்று நம்மால் படிக்க முடிகிறது. அதற்கு முன் அவர் நடத்திய ‘சிங்கை வர்த்தமானி’க்குப் பெயர்தான் மிச்சம். 2015இல் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தில் நம்மவர்களின் இலக்கிய நூல்கள் சுமார் 350 மின்வடிவம் பெற்றன. யாராவது தூக்கிப் போடாமல் வைத்திருந்த பிரதிகள்தானே அவையும்?

புத்தகம் என்றால் சரி, எடுத்து வைப்போம். திருமண அழைப்பிதழ், நாடக நோட்டீஸ், சங்கத்து ஆண்டுமலர், ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது, இதையெல்லாம் யார் வைக்கிறோம்? வீடு மாறும் குடும்பங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கட்டை அவிழ்த்துப் பாருங்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எது தேறும் என்று நீங்களே முடிவு செய்யாமல், நூலகத்தாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சிங்கப்பூர் தொடர்பானவற்றை அவர்கள் நன்கொடையாகப் பெற்றுக்கொள்கிறார்கள்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்து வந்தேன். பேத்தி பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, கடைசி வரியின் அழிந்த பாதியை இன்னும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறாள். இதுவரை ‘குடை’ என்ற ஒரு சொல் கிடைத்திருக்கிறது.

ஓய்வுபெற்ற தாதி,
தோ பாயோ