தபால்தலை சேகரிப்போர் சங்கம், மதுரை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கை தபாலில் போகும். உறைக்காகவாவது பத்திரப்படுத்துவார்கள்.

மாதக் கூட்டங்கள் டவுன்ஹால் ரோட்டு மாடியறையில் வழக்கம்போல் நடந்தன. சித்திரையில் மட்டும் கூட்டவில்லை; அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்தில் அந்தப் பக்கம் யார் நுழைய முடியும்? பள்ளி மாணவர்களுக்கு ஒருநாள் கண்காட்சி வைத்தோம். காலமான மூத்த உறுப்பினருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி முத்திரைப் பதிவேடு. விக்டோரியா ராணி காலத் தபால்தலைகளில், அன்றைய 'மதுரா' ஜில்லா ஊர்களின் கேன்சலேஷன் (தலை மறுபடி பயன்படாதபடி தபாலாபீசில் அடிக்கும் ஊர் முத்திரை) எவை நம் ஆல்பங்களில் உள்ளன என்று ஒரே நோட்டில் ஏற்ற முடிவெடுத்திருந்தோம். இதற்கு எதற்கு இத்தனை பாடு என்று சிலர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. பதில் சொல்லிவிடுகிறேன். ராணி முகம் இருந்தாலே ஆயிரக்கணக்கில் போகும் என்ற நினைப்பு நம்மில் பலருக்கு இன்னும் போகவில்லை. 1882-இல் தொடங்கிய வரிசையின் பச்சை அரையணா, மை அப்பிய தனித்தலையாக இருந்தால் டீ வடைக்குக்கூடத் தேறாது. அதே தலையில் ஒரு சின்ன ஊரின் பெயரும் தேதியும் நடுவில் பளிச்சென்று விழுந்திருந்தால், தேடிவந்து வாங்க ஆளிருக்கிறது. பேனாவால் கோடு கிழித்திருந்தால் விலை விழும். தலையின் ஓரத்துப் பல் உடைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஓரணா பழுப்பைக் கவிழ்த்துப் போட்டு வாட்டர்மார்க் (தாளிலேயே பதிந்த நீர்க்குறி) பாருங்கள்: 1865 முதல் வந்ததில் யானைத்தலை, அதற்கு முந்தையதில் ஒன்றுமில்லை. கம்பெனி ஆட்சி 1858-இலேயே போய்விட்டது. தலையில் 'ஈஸ்ட் இந்தியா' மட்டும் 1882 வரை ஒட்டிக்கொண்டிருந்தது.

நம் பக்கத்துக்கு இதில் தனிப் பங்கு உண்டு. செட்டிநாட்டுக்காரர்கள் கொண்டுவிற்கப் போன சிங்கப்பூரிலும் பினாங்கிலும் 1867 வரை இந்தியத் தலைகள்தான் ஒட்டப்பட்டன. எண்கோணமாகக் கோடுகள், நடுவே ஆங்கில 'B', அதன்கீழ் 172 என்றிருந்தால் சிங்கப்பூர். 147 என்றால் பினாங்கு. தலை நம்முடையது, முத்திரை கடல்கடந்தது. டீலர் அந்த எண்ணுக்குத்தான் காசு கொடுப்பார்.

இவ்வளவும் கூட்டத்தில் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகும் உறுப்பினர் ஒருவர் (பெயர் வேண்டாம்), காரைக்குடிப் பழைய சாமான் கடையில் கிடைத்த ஒரு கட்டுக் கடித உறைகளிலிருந்து தலைகளைக் கத்தரித்து, தண்ணீரில் ஊறவைத்து, உறைகளைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தார். முத்திரையில் பாதி தலையோடு வந்தது, ஊர்ப்பெயர் இருந்த மீதிப்பாதி உறையோடு போனது. அனுப்பிய இடம், போன வழி, வந்துசேர்ந்த தேதி எல்லாம் அந்தக் குப்பையில்தான். அவர் ஆல்பத்தில் அத்தலைகள் சுத்தமாகவே இருக்கின்றன. பதிவேட்டில் ஏற்ற ஒன்றுமில்லை.

மற்றவர்களிடம் ஆல்பத்தைக் கொண்டுவரச் சொன்னால், 'அடுத்த மாசம் பார்ப்போம் சார்'. கொண்டுவந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். அவர்களுக்கு நன்றி.

லண்டன் தபால்தலைக் கடையான ஸ்டான்லி கிப்பன்ஸின் விலைக் கேட்லாக் வாங்கியது வீண்செலவு என்ற பேச்சும் உண்டு. அதிலுள்ளது அந்தக் கடை நல்ல நிலையிலுள்ள தலைக்குப் போடும் விற்பனை விலை. அப்படியே நம் கைக்கு வராது. ஆனால் எது சாதா, எது அபூர்வம் என்று தெரிய வேறு வழி ஏது? வீண்செலவு என்றவர் வீட்டில்தான் அது இப்போது இருப்பதாகக் கேள்வி.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வாடகை பாக்கியில்லை, கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சந்தா நிலுவை அதைவிட அதிகம். தலைவர், பொருளாளர், அறை தந்த உரிமையாளர், காபி வாங்கித் தந்த தம்பிகள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு பொறுப்பில் தொடரும் எண்ணம் எனக்கில்லை. பதிவேடு பாதியில் நிற்பதால் யோசிக்க வேண்டியிருக்கிறது. இளையவர் யாராவது முன்வந்தால் நோட்டையும் லென்ஸையும் மகிழ்ச்சியாகக் கொடுத்துவிடுவேன், நிலுவைப் பட்டியலோடு சேர்த்து. பட்டியல் இன்று வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறது. பக்கத்து மேஜையில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு இருக்கிறார்.