கையால் பழகிய அரை மணி நேரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் 17 ஆண்டுகளாகக் கதிரியக்க மருத்துவராக இருக்கிறேன். மருத்துவர்கள் 5 ஆண்டுகளில் 30 மணி நேரம் தொடர் கல்வி பெற வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் மாநாடுகளில் அந்த நேரம் பெரும்பாலும் உரை கேட்பதிலேயே கழிகிறது.

சென்னையில் நடந்த சென்ற மாநாட்டில் எனக்குப் பயன்பட்டது அரை மணி நேரச் செய்முறைப் பயிற்சி. தலை சி.டி. படத்தில் சாம்பல் நிற வீச்சைக் குறுக்கிப் பார்த்தால், பக்கவாதத்தின் தொடக்க மணிகளிலேயே மூளையில் விழும் மெல்லிய மங்கல் புலப்படக்கூடும். மூத்த மருத்துவர் ஒருவர் அதை என் கையாலேயே செய்ய வைத்தார். ஊர் திரும்பிய 10-ஆம் நாள், வலக்கை செயலிழந்து வந்த கொத்தனாரின் படத்தில் அதே மங்கலைக் கண்டேன். நாலரை மணி நேரத்துக்குள் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து செலுத்தப்பட்டது. இன்று அவர் மீண்டும் கரண்டி பிடிக்கிறார்.

அந்தப் பயிற்சிக்கு இருந்தவை 20 இடங்கள்தாம்! அமைப்பாளர்கள் உரைகளைக் குறைத்து, கணினிகளைக் கூட்ட வேண்டும். மதுரையிலும் நெல்லையிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் இதை நடத்தட்டும். நான் சென்னையில் இருந்த மூன்று நாளும் இங்கே ஸ்கேன் அறிக்கை எழுத ஆளில்லை.

கதிரியக்க மருத்துவர் ஒருவர்,
தென் மாவட்டம்