சான் ஜெரோனிமோ ஓடைக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், சான் ஜெரோனிமோ ஓடைக்கரையில் பணியாற்றும் தன்னார்வலர்கள் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். டொமாலெஸ் விரிகுடாவில் கலக்கும் லகுனிடாஸ் ஓடையின் மேற்பகுதியை அணைகள் அடைத்துவிட்ட நிலையில், கடலிலிருந்து திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிட எஞ்சியுள்ள சில இடங்களில், அதன் கிளையோடையான சான் ஜெரோனிமோவும் ஒன்று. இப்பகுதிக் கோஹோவை அழியும் தறுவாயில் உள்ளதாக அமெரிக்க அரசு 2005இல் அறிவித்தது.

முதல் நன்றி கரையோர வீட்டுக்காரர்களுக்கு உரியது. ஓடையில் சாய்ந்து கிடக்கும் மரம், கரை அரிக்குமோ என்று அஞ்சுபவருக்குத் தொல்லை. மீன்குஞ்சுக்கோ அதுவே வெள்ளத்தில் ஒதுங்கும் புகலிடம், கோடையில் குளிர்ந்த மடு. அம்மரங்களை அகற்றாமல் விட்டதோடு, ஓடையின் இருபுறமும் 100 அடிக்குள் கட்டுமானங்களை ஒழுங்குபடுத்தும் விதிகளை 2022இல் கவுண்டியை ஆளும் மேற்பார்வையாளர் மன்றம் நிறைவேற்றும் முன்பு, தங்கள் சொந்த நிலத்தையே கட்டுப்படுத்தும் அவ்விதிகளுக்கு ஆதரவாகக் கடிதம் எழுதினீர்கள். இம்முயற்சியில் இதைவிடக் கடினமான உதவியை வேறு யாரும் செய்யவில்லை என்றே கருதுகிறேன்.

கோடையில் நீரோட்டம் அறுந்து, வற்றும் குட்டைகளில் குஞ்சுகள் சிக்கிய நாட்களில், அனுமதி பெற்ற உயிரியலாளர்கள் அவற்றை வலையில் எடுக்க, நீர் நிறைந்த வாளிகளைச் செங்குத்தான கரையில் தூக்கிச் சென்ற மாணவர்களுக்கும் நன்றி. ஒரு வாளியைக் குனிந்து பார்த்தேன். விரல் நீளமே இருந்த குஞ்சுகளின் விலாவில், பெருவிரலில் மைதொட்டு வரிசையாக ஒற்றியது போன்ற கருந்தடங்கள். கோஹோ பெரும்பாலும் மூன்று வயதில் ஒரே முறை முட்டையிட்டு இறந்துவிடுகிறது. ஆகவே ஓராண்டின் குஞ்சுகள் மாண்டுபோனால், மூன்றாண்டு கழித்து வரவேண்டிய தாய்மீன்களும் வாரா. நீங்கள் சுமந்தது அந்த ஆண்டின் தலைமுறையை.

மழையில் நனைந்தபடி, தாய்மீன் வாலால் கூழாங்கற்களை விலக்கித் தோண்டிய முட்டைக்குழிகளைக் கணக்கெடுத்தவர்களுக்கும், நாற்றங்காலில் கன்றுகளுக்கு நீரூற்றியவர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. அக்கன்றுகள் இப்போது இடுப்பளவு வளர்ந்துள்ளன. முதல் மழை பெய்து மண் நெகிழ்ந்ததும், நிழலற்ற கரைப்பகுதியில் அவற்றை நடவிருக்கிறோம். உங்கள் வருகைக்காகக் காத்திருப்போம்.

நன்றியுடன்,
சான் ஜெரோனிமோ ஓடைக்கரைத் தன்னார்வலர்களுள் ஒருவர்