பக்கத்துல நின்னு வரி சொல்லிக் குடுக்க ஆள் வேணும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை உங்க பேப்பர்ல வாசகர் பக்கத்துல ஒரு தம்பி எழுதியிருந்தாரு, சர்ச்சுக்குப் போறதையே விட்டுட்டாராம், அங்க இருக்கிறவங்க எல்லாம் வேஷம் போடுறவங்களாம், வீட்டுல இருந்து போன்ல பிரசங்கம் கேட்டு ஜெபம் பண்ணிக்கிட்டாலே போதும்னு. தம்பி எந்தத் தோட்டம்னு போடல. ஆனா அவரு எழுதின ஒவ்வொன்னும் எங்க சர்ச்சுலயும் நடந்திருக்கு, அதனால அவரு சொல்றது பொய்னு நான் சொல்ல மாட்டேன். நானே எட்டு மாசம் போகாம இருந்தவ, அதனாலதான் இத எழுதணும்னு தோணிச்சு.

நான் பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலத் தோட்டத்துல புள்ளக் காம்பராவுல, வேலைக்குப் போறவங்க சின்னப் புள்ளைங்களப் பாத்துக்குற எடத்துல, வேல பாக்குறேன். எங்க சர்ச், நாங்க குடியிருக்குற வரிசை வீடான லயத்துக்கு மேல, கொழுந்து மலைக்குப் போற குறுக்குப் பாதையில இருக்கு, தகரக் கூரை, மழ பேஞ்சா பிரசங்கம் காதுல விழாது. போதகர் ஐயாவுக்கு ஒன்பது தோட்டம், எங்க மொறை மாசத்துல ஒரு ஞாயிறுதான் வரும், அன்னைக்குத்தான் திருவிருந்து. மத்த ஞாயிறெல்லாம் நாங்களே ஒருத்தர் வேதம் வாசிச்சு ஒருத்தர் ஜெபம் பண்ணி ஒருத்தர் கீபோர்டு தட்டி ஆராதன நடத்திக்குவோம். முப்பது பேர் வந்தாங்கன்னா அன்னைக்கு நல்ல கூட்டம்.

பிரச்சின வந்தது கூரையாலதான். தகரம் மாத்துறதுக்கு எல்லாரும் சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா குடுத்தோம், வெளியில இருந்தும் கொஞ்சம் காசு வந்துச்சு, பாதித் தகரம் மாத்தினதோட வேல நின்னுருச்சு. நான் கூட்டத்துல எழும்பிக் கணக்குக் கேட்டேன், அவ்வளவுதான். ஒரு பொம்பள எங்களக் கணக்குக் கேக்குறதான்னு ஒருத்தர் சத்தம் போட்டாரு, மத்தவங்க யாரும் வாயத் தொறக்கல. அடுத்த நாள் பீலியடியில தண்ணி புடிக்கப் போனா எனக்கு முன்னாலயே என் கத அங்க வந்துருச்சு, அவ புருசன் கொழும்புல இருந்து அனுப்புற காசுல தலக்கனம் புடிச்சுத் திரியிறாளாம்னு. அதச் சொன்னது யாருன்னா, நான் சின்னப் புள்ளையா இருந்த காலத்துல இருந்து எனக்குத் தெரிஞ்ச ஒரு பாட்டி. அந்த ஞாயித்துக்கிழமை நான் போகல. அதுக்கு அடுத்த ஞாயிறும் போகல.

தம்பி எழுதின மாதிரியேதான் நானும் செஞ்சேன். எங்க லயத்துல சிக்னல் கெடைக்காது, மேல ரோட்டு வளைவுக்குப் போனாத்தான் ரெண்டு கோடு வரும், அங்க குடையப் புடிச்சுக்கிட்டு நின்னு சென்னையில பேசுறவங்க பிரசங்கமெல்லாம் கேட்டேன். நல்ல பிரசங்கம்தான், கொற சொல்ல மாட்டேன், 2020ல கொரோனா காலத்துல சர்ச் பூட்டிக் கெடந்தப்பவும் அதுதான் எங்களுக்குத் துணையா இருந்துச்சு. ஆனா அந்த எட்டு மாசத்துல எனக்குள்ள ஒன்னு நடந்துச்சு. பரமண்டல ஜெபம் சொல்றப்ப, எங்களுக்குத் தப்பு செஞ்சவங்கள நாங்க மன்னிக்கிற மாதிரின்னு ஒரு எடம் வருமே, அந்த எடம் வந்ததும் பாட்டி மொகம் முன்னால வந்து நிக்கும், நான் அந்த வரிய வேகமா சொல்லித் தாண்டிப் போயிருவேன். ரோட்டு வளைவுல தனியா நிக்கிறவளுக்கு யாரையும் மன்னிக்க வேண்டிய அவசியமே வரல, நான் கெட்ட கோவத்த நல்லாப் பத்திரமா வச்சுக்கிட்டுப் பிரசங்கம் கேட்டுக்கிட்டிருந்தேன்.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம் பாட்டி கொள்ளுப் பேரன கூட்டிக்கிட்டுப் போக புள்ளக் காம்பராவுக்கு வந்தாங்க, வழக்கமா அந்தப் புள்ளையோட அம்மாதான் வரும், அன்னைக்கு அந்த அம்மா மலையில இருந்து எறங்க நேரமாயிருச்சு. வாசப்படியில நின்னுக்கிட்டு, ஏன் புள்ள, எத்தன மாசமா நான் வாய மூடிக்கிட்டு நிக்கிறேன், ஒனக்குத் தெரியுமான்னு கேட்டாங்க. மன்னிப்புக் கேக்க வந்திருக்காங்க போலன்னு நெனச்சேன். இல்ல. அவங்க பாட்டப் பத்திச் சொன்னாங்க. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது, அந்தக் காலத்துல பத்துப் பன்னெண்டு வயசுலயே பேர் பதிஞ்சு கொழுந்துக்கு அனுப்பிட்டாங்க. சர்ச்சுல நான் அவங்க பக்கத்துலதான் நிப்பேன், பாட்டுல ஒவ்வொரு வரி முடியிறப்பவும் அடுத்த வரிய அவங்க காதுல முன்கூட்டியே சொல்லிருவேன், அவங்க அதப் புடிச்சுக்கிட்டுப் பாடுவாங்க, அர வரி பிந்தித்தான் பாடுவாங்க ஆனா கூரை அதிரப் பாடுவாங்க. நான் இத ஒரு பெரிய வேலையா நெனச்சதே கெடையாது, நான் இல்லாத எட்டு மாசமும் அவங்க வாய் தொறக்காம நின்னுருக்காங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை போனேன். பீலியடியில பேசினதுக்கு அவங்க அன்னைக்கும் மன்னிப்புக் கேக்கல இன்னைக்கு வரைக்கும் கேக்கல, நானும் பக்கத்துல நின்னு வரி சொல்லிக் குடுத்தேன், ரெண்டாவது பாட்டுலதான் எனக்குத் தொண்ட அடச்சிருச்சு. கணக்கு விசயத்துக்கு அதுக்கப்புறமும் ஒரு வருசம் போச்சு, திரும்பத் திரும்பக் கேட்டோம், நான் மட்டும் கேட்டது போய் நாலஞ்சு பேர் சேந்து கேட்டோம், இப்ப மூனு மாசத்துக்கு ஒருக்கா கணக்க எழுதி கதவுக்குப் பின்னால ஒட்டுறாங்க. மீதித் தகரமும் போட்டாச்சு. நான் ரோட்டு வளைவுலயே நின்னிருந்தா அந்தப் பேப்பர் அங்க ஒட்டியிருக்காது.

தம்பி, கிறிஸ்தவங்க சண்ட போடுறது புதுசில்ல. பைபிள்ல வர்ற கொரிந்து சபையில திருவிருந்துக்கு வந்து ஒருத்தன் பசியோட இருக்க ஒருத்தன் வயிறு முட்டக் குடிச்சிட்டு இருந்திருக்கான், பவுல் அதக் கண்டிச்சு எழுதினாரே ஒழிய சபையக் கலைச்சிட்டுப் போங்கன்னு எழுதல. யாக்கோபு கேட்ட கேள்வி, பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல எடமும் கந்தல் உடுத்தினவனுக்குக் காலடியும் குடுக்குறீங்களேன்னு, அது எங்க மலைநாட்டுக்குன்னே எழுதின மாதிரி இருக்கும். 1854ல இங்க தோட்டத்து மக்களுக்குன்னு ஒரு மிஷன் ஆரம்பிச்சாங்க, அதுக்குப் பேரே தமிழ்க் கூலி மிஷன், திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து வந்த உபதேசிமார் தோட்டம் தோட்டமா நடந்து போய் ஊழியம் செஞ்சிருக்காங்க. டிக்கோயாவுல காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேல 1878ல துரைமாரு கட்டின வார்லி சர்ச் இருக்கே, அதப் பாக்க இப்பவும் வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க. அந்தக் காலத்துல தொரைக்கு ஒரு எடம் எங்களுக்கு ஒரு எடம்னு இருந்தது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அத நெனச்சு வருத்தப்படுற நாங்களே இன்னைக்கு என்ன செய்யிறோம், கல்யாணப் பேச்சு வந்தா சாதி கேக்குறோம், குடிச்சிட்டு வந்தவர வாசல்லயே நிறுத்துறோம். இத நான் மறைக்க விரும்பல, மறைச்சா தம்பி எழுதினது சரின்னு ஆயிரும்.

2012 கணக்கெடுப்புப்படி இலங்கையில கத்தோலிக்கர் நூத்துக்கு 6.2, மத்த கிறிஸ்தவங்க எல்லாரும் சேந்து வெறும் 1.4. அதுக்குள்ளயே ஒரு சின்ன டவுன் பஜாருல நாலு சபை, ஒரு சபையில கோவிச்சுக்கிட்டவங்க அடுத்த மாடியில இன்னொன்னு தொறக்குறாங்க, ரெண்டு வருசத்துல அங்கயும் கோவம்.

பெரியவங்களுக்கும் ஒன்னு சொல்லணும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்கு அப்புறம் எல்லா சர்ச் வாசல்லயும் பேக் செக் பண்ண ஆள் நிறுத்தினாங்க, எங்க சின்ன சர்ச்சுலயும் ரெண்டு பேர் நின்னாங்க, அது தேவையாத்தான் இருந்துச்சு. பயம் கொறஞ்ச பிறகும் அந்தப் பார்வ போகல, புதுசா யாராவது வந்தா நீங்க யாரு, எந்தத் தோட்டம், யாரு வீட்டுக்கு வந்தீங்கன்னு போலீஸ் மாதிரி கேக்குறோம். எங்க தோட்டத்துல ஒரு பையன் சிங்களப் புள்ளையக் கட்டிக்கிட்டு வந்தான், அந்தப் புள்ள மூனு ஞாயிறு வந்து ஒன்னும் வெளங்காம உக்காந்துட்டுப் போச்சு, யாரும் பக்கத்துல போகல, நானுந்தான் போகல. நாலாவது ஞாயிறு ஒரு பத்தாம் வகுப்புப் புள்ள தானாவே சிங்கள பைபிள் ஒன்னு கொண்டாந்து அந்தப் பக்கத்த எடுத்து மடியில வச்சுக் குடுத்துச்சு. இப்ப சுவிசேஷம் ரெண்டு மொழியிலயும் வாசிக்கிறோம், நேரம் போகுதுன்னு மொணங்குறவங்களும் இருக்காங்க.

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல்ல எங்க பக்கமும் மண்ணு சரிஞ்சப்ப சர்ச்சுக்குள்ளதான் கீழ் லயத்துச் சனம் எல்லாம் வந்து படுத்தாங்க, பாதிக்கு மேல சைவம், திருநீறு பூசினவங்களும் நாங்களும் ஒரே தார்ப்பாய்ல படுத்தோம். சோறாக்குறதுல சண்ட வந்துச்சு, பாய் பங்கு போடுறதுல சண்ட வந்துச்சு, ஆனா ராத்திரி புள்ளைங்க அழுதப்ப யாரு புள்ளன்னு பாக்காம தூக்கினாங்க. அறுப்பின் பண்டிகைக்கு நாங்க லீக்ஸ், கேரட், பூசணி எல்லாம் ஏலம் போடுவோம், அந்தச் சனம் இப்ப ஏலத்துக்கும் வர்றாங்க. ஒரே பூசணிக்காய ஏலத்துல எடுத்தவரு திருப்பிக் குடுத்து திருப்பிக் குடுத்து ஆறு தடவ வித்தோம், கடைசியா எடுத்தது எங்க லயத்து மாரியம்மன் கோயில் பூசாரி அண்ணன்.

தம்பி, உங்களக் காயப்படுத்தினவங்க யாரு, என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது, அது சின்ன விசயம்னு நான் சொல்ல வரல. அடிக்கிற எடத்துல, பொம்பளப் புள்ளைங்களுக்குப் பாதுகாப்பில்லாத எடத்துல யாரும் பொறுத்துக்கிட்டு இருக்கக் கூடாது, அங்க இருந்து வெளிய வரத்தான் வேணும், சொல்ல வேண்டிய எடத்துல சொல்லத்தான் வேணும். மத்தபடி மனுசக் கோவம்னா, ஒருக்கா திரும்பிப் போய் பின் வாங்குலயாவது உக்காருங்க. உங்க சர்ச்சுலயும் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி கட்டாயம் இருப்பாங்க.

எங்க பாட்டிக்கு இப்ப காதும் சரியா கேக்குறதில்ல, வரிய இன்னும் சத்தமாச் சொல்ல வேண்டியிருக்கு, அதனால முன் வரிசையில உள்ளவங்க திரும்பிப் பாக்குறாங்க. அவங்க இடது பக்கம் நான் நிக்கிறேன், வலது பக்கம் சிங்கள பைபிள் கொண்டாந்த அந்தப் புள்ளைய நிக்கச் சொல்லியிருக்கேன், வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சேந்து சொல்லிப் பாக்கப் போறோம்.

இப்படிக்கு,
புள்ளக் காம்பராவுல வேல பாக்குற ஒரு வாசகி,
பொகவந்தலாவ.