காலிக் கூடு எங்கே விழுந்தது என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்கத் துப்பாக்கிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'செமி ஆட்டோமேட்டிக்' என்றால் விசையை அழுத்திப் பிடித்தால் தோட்டா தீரும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும் இயந்திரத் துப்பாக்கி என்று அதில் விளக்கம் போட்டிருக்கிறீர்கள். தப்பு. நீங்கள் சொல்வது முழுத் தானியங்கி. நம்முடைய 1959 ஆயுதச் சட்டம் 'தடை செய்யப்பட்ட ஆயுதம்' என்பதை விளக்கும் இடத்தில், விசையை விடும்வரையோ மேகசின் (தோட்டாக்களை அடுக்கி வைக்கிற பெட்டி) காலியாகும்வரையோ தொடர்ந்து சுடுவது என்று எழுதியிருப்பது அந்த ரகத்தைத்தான். செமி ஆட்டோமேட்டிக் ஒரு அழுத்தத்துக்கு ஒரு தோட்டாதான் சுடும். சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை வெளியே எறிந்துவிட்டு அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளுகிற வேலையை மட்டும் தானே பார்த்துக்கொள்ளும். 1979-ல் நான் ராணுவத்தில் சேர்ந்தபோது இருந்த 7.62 எஸ்.எல்.ஆர். அந்த ரகம்தான். செல்ஃப் லோடிங் ரைஃபிள். பெயரிலேயே விஷயம் இருக்கிறது.

இதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிப் போட்டிருப்பேன். ஆனால் அதே கட்டுரையில் 'வீட்டில் பாகங்களைச் சேர்த்துச் செய்யும் துப்பாக்கிகள் தரமற்றவை என்பதால் அடிக்கடி சிக்கிக்கொள்ளும்' என்று ஒரு வரி இருந்தது. நான் 24 வருடம் ராணுவத்தின் பழுதுபார்க்கும் பிரிவான இ.எம்.இ.யில் ஆர்மரராக இருந்தவன். துப்பாக்கி ஏன் சிக்குகிறது என்று பார்ப்பதுதான் எனக்குச் சோறு போட்ட வேலை. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் அக்கா மகன் டெக்சஸில் இருக்கிறான். குடியுரிமை வாங்கியாகிவிட்டது. போன வருடம் அங்கே ஒரு ஏ.ஆர்.15 ரைஃபிளை அவனே சேர்த்துச் செய்தான். அதுவும் செமி ஆட்டோமேட்டிக்தான். நம்மூரில் இப்படிச் செய்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். அங்கே சட்டத்தின் கண்ணில் விசை உட்காருகிற கீழ்க்கூடுதான் 'துப்பாக்கி'. வரிசை எண் போட்ட அந்தப் பாகத்தை லைசென்ஸ் உள்ள கடையில் ஃபாரம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகு வாங்கியிருக்கிறான். பேரல் என்கிற குழல், அதன் பின்வாயை மூடித் திறந்து முன்னும் பின்னும் ஓடுகிற போல்ட், பேரலைச் சுற்றி வருகிற முன் கைப்பிடி எல்லாம் சாதாரணச் சாமான் மாதிரி பார்சலில் வந்துவிடுமாம். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. தெரிந்தால் என்னைத்தான் பிடித்துக்கொள்வாள்.

ஒருநாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். "மாமா, ஒரு ரவுண்டு சுடுது, அடுத்தது ஏற மாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் கையால இழுத்துவிட வேண்டியிருக்கு."

முதலில் மேகசினைக் கழற்றச் சொன்னேன். தோட்டா உட்காருகிற சேம்பரைக் கண்ணால் பார்க்கச் சொன்னேன், அப்புறம் விரலை விட்டும் பார்க்கச் சொன்னேன். அதன் பிறகு நான் கேட்ட முதல் கேள்வி: "காலிக் கூடு எங்கடா விழுது, மாப்பிள்ளை?"

அவன் அதைக் கவனிக்கவே இல்லை. பழுது பார்க்கிறவனுக்கு முதல் சாட்சி அந்தக் கூடுதான். குழல் பார்க்கிற திசையை 12 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடு 3 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் போய் விழுந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். 1, 2 மணிப் பக்கம் முன்னால் பறந்தால் பெரும்பாலும் வேகம் அதிகம். 5 மணிப் பக்கம் சுடுகிறவன் காலடியிலேயே சொத்தென்று விழுந்தால் பின்னால் போகிற போல்ட்டுக்குத் தெம்பு போதவில்லை. அடுத்த சனிக்கிழமை சுடுகிற ரேஞ்சுக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னான்: எல்லாம் காலடியில்தான். மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடச் சொல்லியிருந்தேன். சுட்டு முடித்ததும் போல்ட் பின்னாலேயே நிற்க வேண்டும். நிற்கவில்லை. பாதி வழி போய்த் திரும்பிவிடுகிறது.

எஸ்.எல்.ஆர்.-ஆக இருந்திருந்தால் இரண்டு நிமிட வேலை. அதில் கேஸ் ரெகுலேட்டர் என்று ஒரு திருகு உண்டு. தோட்டா குழலில் போகும்போது பின்னால் வருகிற புகையில் கொஞ்சம் ஒரு சின்னத் துளை வழியாக மேலே ஏறி பிஸ்டனைத் தள்ளும். மிச்சப் புகையை வெளியே விடுவதுதான் ரெகுலேட்டர் வேலை. திறந்து வைத்து ஆரம்பித்து, கூடு ஒழுங்காக வெளியே விழும்வரை ஒவ்வொரு கிளிக்காக மூடிக்கொண்டே வந்து, அப்புறம் தூசுக்கும் அழுக்குக்கும் என்று இன்னும் இரண்டு கிளிக் மூடி விடுவோம். ஏ.ஆர்.15-ல் சாதாரணமாக அந்தத் திருகு கிடையாது. ஸ்டோனர் என்கிற பொறியாளரின் ஏற்பாட்டில் புகை ஒரு மெல்லிய குழாய் வழியாக நேரே போல்ட்டைச் சுமந்து ஓடுகிற கேரியருக்குள்ளேயே போகிறது. எடை குறைவு, பாகமும் குறைவு. ஆனால் புகை வருகிற வழியில் எங்கே ஒழுகினாலும் எங்கே அடைத்தாலும் வண்டி நின்றுவிடும்.

இதற்குள் பையன் கேட்கக் கூடாத இடத்தில் யோசனை கேட்டிருக்கிறான். ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டிவிடு என்று ஒருத்தர், பேரலில் உள்ள துளையைப் பெரிதாக்கிவிடு என்று இன்னொருத்தர். இரண்டுக்கும் திட்டினேன். நோய் என்னவென்று தெரியாமல் உறுப்பை வெட்டுகிற வைத்தியம் அது. துளையைப் பெரிதாக்கினால் திரும்பச் சிறிதாக்க முடியாது. கைவைத்தால் திரும்பி வர முடியாத வேலை எப்போதும் கடைசியில்தான்.

சரி, வரிசையாகப் போனோம். தோட்டாவை மாற்றிப் பார்த்தான்; மலிவாக வாங்கியது மருந்து குறைந்ததாக இருக்கலாம். அதே கதை. வேறு மேகசின். அதே கதை. எண்ணெய் போட்டிருக்கிறாயா என்றால், "புதுசு தானே மாமா?" என்கிறான். புதுசுக்குத்தான் எண்ணெய் வேண்டும். போட்ட பிறகு பத்தில் இரண்டு ஏறியது. கேரியருக்குப் பின்னால் ஸ்பிரிங்கோடு சேர்ந்து அதன் ஓட்டத்தைத் தாங்குகிற பஃபர் என்ன எடை என்று கேட்டேன். அது கனமாக இருந்தால் போல்ட்டைத் தள்ளப் புகையும் அதிகம் வேண்டும். ஹெச்2 என்று எழுதியிருக்கிறது என்றான். வழக்கமாகப் போடுகிற கார்பைன் பஃபர் 85 கிராம் சுமார். ஹெச்2 அதைவிட ஒன்றரை மடங்கு கனம். நண்பனிடம் கார்பைன் பஃபரைக் கடன் வாங்கிப் போட்டதும் பத்தில் ஐந்து ஏறியது. அவனுக்குச் சந்தோஷம், எனக்கு இல்லை. இலேசான பஃபரோடும் பாதி நிற்கிறது என்றால் புகையே சரியாக வரவில்லை.

புகை ஒழுகாமல் அடைக்க போல்ட்டில் மூன்று வளையம் உண்டு. போல்ட்டை முழுக்க வெளியே இழுத்து, அது கீழே இருக்கும்படி கேரியரை மேசைமேல் நிற்கவைக்கச் சொன்னேன். வளையம் தேய்ந்திருந்தால் கேரியர் தன் எடையிலேயே சரிந்து உட்கார்ந்துவிடும். கல் மாதிரி நின்றது. கேரியர் மேலே புகையை வாங்கிக்கொள்கிற 'கீ' என்கிற துண்டின் இரண்டு திருகும் இறுக்கமாக, ஓரம் தட்டி அடைத்துத்தான் இருந்தன. மிச்சம், பேரலின் துளைமேல் உட்கார்ந்து புகையைக் குழாய்க்குத் திருப்புகிற கேஸ் பிளாக்தான்.

"கழற்றி, அடியில் இருக்கிற கரியைக் கேமராவில் காட்டு" என்றேன்.

காட்டினான். பேரலில் துளை 2 மில்லிமீட்டருக்குள்தான். அதைச் சுற்றிக் கரி வட்டமாகப் படிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரி இருந்தது. கேஸ் பிளாக்கை பேரலின் தோள்பட்டையில், அதாவது பேரலின் கனம் குறைகிற படியில், இடைவெளி தெரியாமல் ஒட்டி வைத்திருக்கிறான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவன் வாங்கிய பேரல், அந்த இடத்தில் முன் கைப்பிடியைப் பிடிக்கிற தகடு ஒன்று உட்காரும் என்று கணக்குப் போட்டுத் துளையிட்டது. தகடு முக்கால் மில்லிமீட்டர் கனம். இவன் போட்ட நீளக் கைப்பிடிக்கு அந்தத் தகடே கிடையாது. தகடு இல்லாமல் ஒட்டி வைத்ததால் இரண்டு துளையும் முக்கால் மில்லிமீட்டர் விலகிவிட்டன. பாதி வாயை மூடிக்கொண்டு மூச்சு விடச் சொன்னால் யாருக்குத்தான் முடியும்?

இதில் 'தரமற்றது' எது, சொல்லுங்கள். பேரல் நல்லது, பிளாக் நல்லது, ஸ்பிரிங் நல்லது. சேர்த்தவன் கணக்கு மட்டும் முக்கால் மில்லிமீட்டர் தப்பு. தொழிற்சாலைத் துப்பாக்கிக்கும் இதே கதை நடந்திருக்கிறது. 1966, 67-ல் வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் கையில் ஏ.ஆர்.15-ன் ராணுவ வடிவமான எம்.16 சிக்கிச் சிக்கி ஆட்கள் செத்தார்கள். அது தொழிற்சாலையில் பரிசோதனை முடிந்து வந்ததுதான். தோட்டா மருந்தை மாற்றியிருந்தார்கள், சேம்பரில் குரோம் பூச்சு இல்லை, துடைக்கிற சாமானே பலருக்குக் கொடுக்கவில்லை. 1967-ல் ஐகார்ட் என்பவர் தலைமையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு உட்கார்ந்து விசாரித்தது. இதெல்லாம் சரியான பிறகு அதே ஸ்டோனர் ஏற்பாடு இன்றுவரை ஓடுகிறது. நம்மிடம் புல்த்ரூவும் (குழலுக்குள் இழுத்துத் துடைக்கிற கயிறு) துடைக்கிற துணியும் இல்லாத சிப்பாயை சுபேதார் சாப்பிடவே விடமாட்டார்.

பையன் இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜைத் தோள்பட்டையில் வைத்து, அந்த இடைவெளியோடு பிளாக்கை இறுக்கினான். ஹெச்2 பஃபரையே திரும்பப் போடச் சொன்னேன். போன வாரம் ரேஞ்சிலிருந்து படம் அனுப்பியிருந்தான். இருபது காலிக் கூடும் 4 மணித் திசையில், ஒரு முறத்தால் மூடிவிடலாம் போல ஒரே இடத்தில் கிடந்தன.

'செமி ஆட்டோமேட்டிக்' பற்றிய அந்தத் திருத்தத்தை மட்டுமாவது வரும் ஞாயிறு இதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஹவில்தார் (ஓய்வு), இ.எம்.இ.,
குடியாத்தம்.